சலஞ்ச் 25: யாருக்கு யார் விடும் சவால்?

பிரித்தானியாவில் மதுபானம் விற்கும் கடைக்குப் போனால் காசு கட்டுகிற ரில்லுக்குப் பக்கத்தில் ‘சலஞ்ச் 25’ என்ற அட்டையைப் பார்க்கலாம். அதைத் தமிழில் எழுத வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘சவால் 25’ என்று எழுதிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியும் அதையே துப்புகிறது. என்ன சவால் ஐயா? 25 போத்தல் குடித்துக் காட்டுகிற பந்தயமா?

அட்டை சொல்வது வேறு. மது வாங்கச் சட்டம் கேட்கிற வயது 18. ஆனால் 17க்கும் 19க்கும் உள்ள வேறுபாட்டை முகத்தை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே ஏழு வருடம் தள்ளி ஒரு கோடு போட்டு, 25க்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் வயதுச் சான்று கேட்கச் சொல்கிறார்கள். முதலில் மதுச்சாலைகளில் 21 என்று இருந்தது. கடைகளுக்கு 25 வந்தது 2009இல். ஸ்கொட்லாந்தில் 2011 ஒக்ரோபர் முதல் இந்த 25 சட்டப்படி கட்டாயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏதாவதொரு வயது சரிபார்ப்புக் கொள்கை இருக்கவேண்டும் என்பதுதான் பொது விதி. ஆனாலும் பல கடைகளின் அனுமதிப்பத்திர நிபந்தனைகளில் 25 என்றே எழுதியிருக்கும்.

சொல்லின் வேரை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். ‘சலஞ்ச்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் இருப்பது ‘கலும்னியா’ என்ற இலத்தீன் சொல், பொருள் பொய்க் குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் குற்றம் சாட்டுவது, உரிமை கோருவது, போட்டிக்கு அழைப்பது என்று பல பக்கமும் கிளைத்தது. அதில் ஒரு கிளை காவற்காரன் சொல்: இருட்டில் வருகிறவனை நிறுத்தி “யாரது? அடையாளம் சொல்” என்று கேட்பது. அட்டையில் இருப்பது அந்தக் கிளை. ‘சவால்’ அரபியில் கேள்வி என்று பொருள்படும் சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. இன்றைய தமிழில் கேள்வி உதிர்ந்து பந்தயம்தான் மிஞ்சியிருக்கிறது.

வடசொல்லும் அரபும் வேண்டாம் என்கிறவர்கள் கையில் இருப்பது ‘அறைகூவல்’. இது இன்னும் மோசம். அறைகூவல் என்பது வலியப் போய்ச் சண்டைக்கு இழுப்பது. ‘அறைகூவல் 25’ என்றால் 25 பேர் வாளோடு வருவது போலத்தான் கேட்கிறது. தனித்தமிழ் என்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. பொருள் தப்பினால் தூய்மையை வைத்து என்ன செய்வது? இதில் நடைமுறைக் கேடும் இருக்கிறது. சவால் என்றோ அறைகூவல் என்றோ சொல்லிக்கொடுத்தால் ரில்லில் நிற்கிற பிள்ளை அதை வம்பாக விளங்கிக்கொள்கிறது. ஒன்றில் முறைத்துக்கொண்டு கேட்கும், அல்லது வம்பு எதற்கு என்று கேட்காமலே விட்டுவிடும். உண்மையில் தேவைப்படுவது, “தம்பி, ஐடி இருந்தா ஒருக்காக் காட்டுங்கோ, 25க்குக் கீழ தெரிஞ்சா எல்லாரிட்டயும் கேக்கிறனாங்கள்” என்ற ஒரு வரிதான். அதில் சண்டை எங்கே?

‘வயதெல்லை 25’ என்பது பிழையிலும் பெரிய பிழை. இலங்கையில் மது வாங்க வயது 21. அந்த நினைப்போடு வருகிறவர் இதைப் படித்தால் இங்கே எல்லை 25 என்றே முடிவு கட்டுவார். பிறகு 22 வயதுப் பிள்ளை செல்லுபடியான கடவுச்சீட்டை நீட்டினாலும் பியர் கொடுக்க மறுப்பார்.

‘வினவல் 25’ கேட்க அழகாக இருக்கிறது, சவாலின் அரபு மூலத்துக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் வினாவுக்கு விடை போதும். “18 ஆச்சா?” “ஓம், ஆச்சு.” வினவியாயிற்று, விற்றாயிற்று, மாட்டியாயிற்று. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2003ஆம் ஆண்டு அனுமதிச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி, தக்க நடவடிக்கை எல்லாம் எடுத்தேன் என்று விற்றவர் வாதாட வேண்டுமானால் சான்றைக் கேட்டிருக்கவேண்டும். அந்தச் சான்று நியாயமான ஒருவரை நம்பவைக்கக்கூடியதாகவும் இருந்திருக்கவேண்டும். வாய்ச்சொல் சான்று அல்ல. ‘வயது சரிபார்ப்பு’ நல்ல சொல்தான், ஆனால் அது அடையாள அட்டை கைக்கு வந்த பிறகு நடக்கிற வேலை. நமக்கு வேண்டியது அதற்கு முந்திய கணத்துக்கான பெயர்.

ஆகவே ‘சான்று கேள் 25’. ஏவலாக இருப்பதால் யார் செய்யவேண்டும் என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

சான்று என்றால் எது? படம், பிறந்த திகதி, அவற்றோடு ஹொலோகிராம் அல்லது புற ஊதா ஒளியில் தெரியும் குறி இருக்கவேண்டும். போனில் எடுத்துவைத்த கடவுச்சீட்டுப் படம் ஆகாது. ஓட்டுநர் உரிமத்தை பர்ஸிலிருந்து வெளியே எடுத்துத் தரச் சொல்லவேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் பார்த்தால் ஒட்டு தெரியாது. பிரித்தானிய உரிமமானால் 5ஆம் வரி எண்ணில் பெயரெழுத்துகள் ஐந்தையும் விட்டு அடுத்த ஆறு இலக்கத்தைப் பாருங்கள். வருடத்தின் கடைசிக்கு முந்திய இலக்கம், மாதம், நாள், வருடத்தின் கடைசி இலக்கம் என்பது வரிசை. 2004 மார்ச் 14இல் பிறந்த ஆணுக்கு 003144. பெண்ணுக்கு மாதத்தின் முதல் இலக்கத்தோடு 5 கூட்டி 053144. 3ஆம் வரியில் இருக்கிற பிறந்த திகதியோடு இது பொருந்தாவிட்டால் விற்கக்கூடாது. திகதியை மாற்றத் தெரிந்த பலருக்கு இந்த எண்ணை மாற்றத் தோன்றுவதில்லை.

இந்த ஒரு சொல்லோடு போகிற நோயும் அல்ல இது. ‘18 வயதுக்கு உட்பட்டோர்’ என்று எழுதுகிறார்கள். 18 நிறைந்தவர் அதற்கு உள்ளேயா வெளியேயா? இன்று 18வது பிறந்தநாள் கொண்டாடுகிறவருக்குத் தாராளமாக விற்கலாம். ‘18 நிரம்பாதவர்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. இன்னொன்று, பிழை நடக்காமலிருக்கச் செய்யவேண்டியதை முன்கூட்டியே செய்தேன் என்று காட்டிக் கடைக்காரரைக் காப்பாற்றுகிற ‘டியூ டிலிஜென்ஸ்’. அதை ‘உரிய விடாமுயற்சி’ என்று பெயர்த்திருப்பதைப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அகராதியில் முதலில் கிடைத்த பொருளைத் தூக்கி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். விடாமுயற்சியோடு விற்றேன் என்றா நீதிமன்றத்தில் சொல்வது? அது ‘உரிய முன்கவனம்’. வேலைக்கு வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைத்த தாளும், விற்க மறுத்ததைக் குறித்து வைக்கிற மறுப்புப் பதிவேடும் அந்த முன்கவனத்துக்குச் சாட்சி. பதிவேட்டில் திகதி, நேரம், கேட்ட பொருள், ஆளின் தோற்றம், மறுத்த காரணம், மறுத்தவர் பெயர் என்று ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு வரி வேண்டும். மூன்று மாதமாக ஒரு வரிகூட இல்லாத பதிவேட்டை அதிகாரி கையில் கொடுத்தால், இந்தக் கடையில் யாரும் யாரிடமும் சான்று கேட்டதே இல்லை என்றுதான் அவர் படிப்பார்.