கவாத்து: ட்ரில்லுக்கு நம்ம சொல் என்ன?

டெல்டா பக்கம் கவாத்துன்னா பாதிப் பேருக்கு முருங்கைய வெட்டிவிடுறதுதான் ஞாபகம் வரும், மிச்சப் பேருக்கு போலீஸ் கவாத்து. இங்க பாக்கப்போறது ரெண்டாவது.

அரபில 'காயிதா'ன்னா விதி, அதோட பன்மை 'கவாயித்'. உருதுல அதுவே பட்டாளத்து ட்ரில்லுக்குப் பேராகி நம்மகிட்ட கவாத்தா வந்து சேந்துச்சு. ஆக, கால தூக்கி வைக்கிறது மட்டும் இல்லீங்க, விதிப்படி செய்யிறது.

அந்தக் காலத்து துப்பாக்கிக்கு காகிதத் தோட்டாவ பல்லால கடிச்சுக் கிழிச்சு, துளி வெடிமருந்த துப்பாக்கியோட பக்கத்துல இருக்கிற கிண்ணில வச்சு, மிச்சத்த குழாய்ல கொட்டி, குண்ட போட்டு, கம்பியால இடிச்சு, அப்புறம்தான் சுடவே முடியும், அதுக்குள்ள குதிரைக்காரன் மேல வந்து நிப்பான். ஒரு வரிசை சுடும்போது அடுத்த வரிசை நிரப்பினாத்தான் தப்பிக்கலாம். 1746ல அடையாத்துல ஆயிரம் பேர் அளவுக்கு இருந்த பிரெஞ்சுப் படை ஆற்காடு நவாப் மகன் மாபூஸ்கானோட பெரும்படைய விரட்டுனது இந்தப் பழக்கத்தாலதான்.

தஞ்சாவூர் மராட்டியக் குதிரைப்படை 1752ல திருச்சி சண்டையில இங்கிலீஷ்காரங்க பக்கமே நின்னுச்சு. இந்த வித்தைய கிட்டயே பாத்தாங்க. ஆனாலும் 1773ல ஆற்காடு நவாபுக்காக கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தஞ்சாவூர்க் கோட்டையையே பிடிச்சுச்சு, துளஜா ராஜா கைதி.

கம்பெனி மட்டும் தப்பிச்சுச்சா? மைசூர்ல ஹைதர் பிரெஞ்சுக்காரங்கள வச்சு தன் ஆளுங்களோட பயிற்சிய மாத்திக்கிட்டே இருந்தாரு. 1782 பிப்ரவரில கும்பகோணம் பக்கம், கொள்ளிடத்த ஒட்டுன அன்னகுடில திப்பு கம்பெனித் தளபதி பிரெய்த்வெய்ட்டோட படைய வளைச்சுப் பிடிச்சாரு. கவாத்து தெரிஞ்ச சிப்பாய்ங்கதான், ஆனா எதிராளி பழைய எதிராளி இல்ல! போன சண்டைக்கு பழகிட்டு இந்தச் சண்டைக்கு வந்தா இப்டித்தான். சீனா 2016ல ஏழு ராணுவ மண்டலத்த அஞ்சு போர்முனைக் கட்டளையா, அதாவது எல்லாப் படையும் ஒரே தலைமைக்குக் கீழ வர்ற 'தியேட்டர் கமாண்டா' மாத்துனப்போ, எல்லைக்கு இந்தப் பக்கம் யோசிக்க வேண்டியிருந்ததும் நம்ம ஆளுங்க எதுக்காகப் பழகுறாங்கன்னுதான். 2020ல தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய் போர்விமான ஸ்குவாட்ரன் வந்ததுல டெல்டாவுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு.

சரி, தமிழ்ச்சொல். நிறைய பேர் 'அணிவகுப்பு'ன்னு போடுறாங்க, எனக்கு ஒப்பல. அது பரேடு, குடியரசு தினத்துல பாக்கிறது. ட்ரில்லுக்கு 'அணிப்பயிற்சி'ன்னு வைக்கலாம், டிரெயினிங் மொத்தத்துக்கும் 'படைப்பயிற்சி'. பயில்னா படிக்கிறது மட்டும் இல்ல, திரும்பத் திரும்பப் பழகுறது, அடர்த்தியா நெருங்கி இருக்கிறதுங்கிற பொருளும் அதுக்கு உண்டு, வரிசையில தோளோட தோள் ஒட்டி நின்னு சுட்டவங்களுக்கு இதைவிடப் பொருத்தமா என்ன கிடைக்கும்? கவாத்தையும் தூக்கிப் போட வேண்டாம், போலீஸ்காரங்க வாய்ல இன்னும் அதானே வருது.