உப்பு சிதையுமா, பிரியுமா?

"உப்பு நீரில் கரையும்போது அயனிகளாகச் சிதைகிறது." கையேடுகளிலும் காணொளிப் பாடங்களிலும் இந்த வாக்கியம் அலுக்காமல் வருகிறது. தவறு. இங்கே நடப்பது பிரிகை: மின்னூட்டம் கொண்ட துகள்களான அயனிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன.

ஆங்கிலத்தில் டிஸ்ஸோசியேஷன். லத்தீனில் சோசியஸ் என்றால் தோழன்; சேர்ந்திருந்தவர் விலகுவது என்று பொருள். தமிழில் பிரி என்ற வினையோடு கை விகுதி சேர்ந்தால் பிரிகை. சரி, வேர் அவ்வளவுதான்.

சிதைவு முற்றிலும் வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது வெப்பச் சிதைவு. யுரேனியத்துக்கு நேர்வது கதிரியக்கச் சிதைவு. உப்புநீரை வற்றவிட்டாலோ பழைய உப்பே திரும்பக் கிடைக்கும். பிரிந்தவர் கூடலாம் என்பது நம் அகப்பாடல்களுக்கே தெரிந்த செய்தி, சிதைந்தது கூடுமா?

சொல்தானே, போகட்டும் என்று விட முடியவில்லை. துகள்களை எண்ணும் இடத்தில் இது மாணவரைக் கவிழ்க்கிறது. சோடியம் சல்பேட் நீரில் எத்தனை துகளாகும்? இரண்டு சோடியம், ஒரு சல்பேட், ஆக 3. 'சிதைகிறது' என்று படித்தவர் சல்பேட்டையும் உடைத்து, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு என்று கூட்டி 7 என்கிறார். பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடில் விடை 5. நான்கு பொட்டாசியம் விலகும், இரும்பும் ஆறு சயனைடும் ஒரே அயனியாக ஒட்டியே நிற்கும். சிதைவு என்ற சொல்லால் இதை எப்படி விளக்குவது? கரைந்த பொருள் எத்தனை துகளாகிறது என்று சொல்லும் வாண்ட் ஹாஃப் காரணியே இந்த எண்ணிக்கையில்தான் நிற்கிறது. உறைநிலைத் தாழ்வும் (கரைசல் உறையும் வெப்பநிலை இறங்குவது) சவ்வூடுபரவல் அழுத்தமும் (சவ்வு வழியே நீர் கரைசலுக்குள் நுழைவதைத் தடுக்கத் தேவையான அழுத்தம்) அதோடு சேர்ந்து தவறாகிவிடும்.

மருத்துவமனை சலைன் பாட்டிலைப் பாருங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 154 மில்லிமோல். லேபிளில் 308 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) என்றிருக்கும். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்த கணக்கு அது. அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அளந்து பார்த்தால் சற்றுக் குறைவாக, 287 அளவில் வரும்.

சிலர் அயனியாதல் என்று எழுதுகிறார்கள். ஹைட்ரஜன் குளோரைடுக்கு அது பொருந்தும். நீரில் விழுந்த பிறகுதான் அங்கே அயனி பிறக்கிறது. உப்புப் படிகத்திலோ அயனிகள் முன்பே இருக்கின்றன. அவை விலக மட்டுமே செய்கின்றன.

எவ்வளவு பங்கு பிரிந்தது என்பதைக் குறிக்கும் பிரிகை வீதம் என்ற தொடர் பாடநூல்களில் புழக்கத்தில்தான் இருக்கிறது. அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், ஒட்டுவதற்கு முன் அந்தப் பாடத்தின் கணக்கு ஒன்றையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.