காவலர் காத்திருக்க வேண்டிய பத்து நொடிகள்

“உங்கள் பெயர் என்ன, வீடு எங்கே, யாருடன் வந்தீர்கள்?” காவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் வழிதவறிய முதியவராக நான் நடிக்கும்போது, எதிரே நிற்பவர் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார். நான் பேசாமல் நின்றால் அவருடைய குரல் உயர்கிறது, கை என் தோளுக்கு வருகிறது. அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. விரைந்து தகவல் பெறுவதே அவர் பழகிய பணி. ஆனால் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர் முதல் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து விழுந்தால், இரண்டுமே அவருடைய பிடியிலிருந்து நழுவிவிடுகின்றன.

உலகில் 5.5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுமாறும் நடையும் குழறும் பேச்சும் குடிபோதையாகவும், மௌனம் திமிராகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுண்டு. மூளையின் முன்பகுதி சிதையும் வகையில், நினைவாற்றல் ஓரளவு நன்றாகவே இருந்தும் தன்கட்டுப்பாடு தளர்ந்துவிடுவதால், கடையில் பொருளை எடுத்துக்கொண்டு பணம் கொடுக்காமலே இயல்பாக வெளியேறுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருடர்களாக நடத்துவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பின்னாலிருந்து தொடாதீர்கள், முகத்துக்கு நேரே வந்து நில்லுங்கள், ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பத்து நொடி காத்திருங்கள் என்று சொல்கிறேன். கடிகாரத்தைப் பார்த்துப் பழகச் சொன்னாலும், பலர் நான்காம் நொடியிலேயே மீண்டும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அவசரத்தை அடக்குவதற்குத்தான் வகுப்பில் அதிக நேரம் செலவாகிறது. “அம்மா தேடுவாங்க, நான் போகணும்” என்று எண்பது வயதுப் பெரியவர் சொன்னால், அம்மா இறந்து பல காலமாயிற்று என்று திருத்துவது, அந்த இழப்பை அவர் இன்றுதான் முதன்முறையாகக் கேட்பதுபோல் ஆக்கிவிடும். “அம்மாவைப் பத்திச் சொல்லுங்க ஐயா” என்று கேட்டால், பேச்சோடு பேச்சாகத் தெருவின் பெயரோ மகனின் பெயரோ வெளிவரக்கூடும்.

காணாமல் போனவர் அருகிலுள்ள புதருக்குள்ளேயே இருந்தும், பெயர் சொல்லி அழைக்கும்போது குரல் கொடுக்காமல் இருக்கலாம். எனவே ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்பது பெரும் தவறு. இங்கிலாந்தின் நார்ஃபோக் காவல்துறையில் தொடங்கிய ‘ஹெர்பர்ட் நெறிமுறை’யின்படி, புகைப்படம், மருந்துகள், வழக்கமாகச் செல்லும் இடங்கள் ஆகியவற்றைக் குடும்பத்தினர் முன்கூட்டியே ஒரு படிவத்தில் எழுதிவைக்கிறார்கள். உங்கள் வீட்டில் மறதிநோய் உள்ளவர் இருந்தால், அப்படியொரு தாளை நீங்களும் எழுதிவையுங்கள். அதில் பழைய வீட்டு முகவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ‘வீட்டுக்கு’ என்று கிளம்புவது பல நேரங்களில் அங்கேதான்.