விரைவுப் பேருந்து அல்ல, தனித்தடப் பேருந்து

அகமதாபாத்தில் தனிப் பாதையில் ஓடும் ஜன்மார்க் பேருந்துச் சேவையைப் பற்றித் தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் ‘விரைவுப் பேருந்துத் திட்டம்’ என்ற தொடர் முன்னால் வந்து நிற்கிறது. இதே ஏற்பாடு பாகிஸ்தானின் லாகூரில் என்றால் ‘அதிவிரைவுப் பேருந்து’. பெஷாவர் என்றால் ‘துரித பஸ் சேவை’. மூன்றும் தவறு. ஏதோ ஓர் அவசரச் செய்தியில் வந்திருந்தால் விட்டுவிடலாம். பாடநூல் நடையில் எழுதுகிறவர்களும் இதையே பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இந்த விளக்கம்.

முதலில் பொருள். சாலையின் நடுவே தடுப்பு வைத்துப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கிய பாதை. அந்தப் பாதையை ஒட்டி, பேருந்தின் தளத்துக்குச் சமமான உயரத்தில் ஒரு மேடை. டிக்கெட்டை மேடைக்குள் நுழையும்போதே வாங்கிவிட வேண்டும். வண்டிக்குள் யாரும் சில்லறை தேடுவதில்லை. இவை சேர்ந்த ஏற்பாட்டைத்தான் ஆங்கிலத்தில் ‘பஸ் ரேபிட் டிரான்சிட்’ என்கிறார்கள், சுருக்கமாக பி.ஆர்.டி. பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974இல் பேருந்துக்குத் தனிப் பாதை தந்து வழிகாட்டியது. கொலம்பியாவின் பொகோட்டா 2000இல் அதையே பெருநகர அளவுக்கு வளர்த்தது. அகமதாபாத்தில் 2009 அக்டோபரில் ஆர்.டி.ஓ. முதல் பிரானா வரை 12.5 கிலோமீட்டரில் தொடங்கியது. மேடைகள் சாலை நடுவில் இருப்பதால் ஜன்மார்க் பேருந்துகளுக்கு வலப்பக்கம் கதவு. இடப்பக்கம் ஏறியே பழகிய நமக்கு இது ஒன்றே போதும், இது வேறு வகை வண்டி என்று புரிந்துகொள்ள.

சொற்பிறப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வால்தான் பஸ். ‘ரேபிட்’ விரைவு, ‘டிரான்சிட்’ கடந்து செல்லுதல். ஆனால் ‘ரேபிட் டிரான்சிட்’ இரண்டும் சேர்ந்தால் தனிப் பொருள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க் போன்ற நகரங்களில், தெரு நெரிசலில் சிக்காமல் மேலேயோ கீழேயோ தனிப் பாதையில் ஓடும் நகர ரயிலுக்கு வைத்த பெயர் அது. குதிரை வண்டியும் டிராமும் முட்டிக்கொண்ட தெருவை விட்டு விலகியதால் வந்த விரைவு. அந்த ஏற்பாட்டை ரயில் இல்லாமல் பேருந்தைக் கொண்டே செய்தால் அது ‘பஸ் ரேபிட் டிரான்சிட்’. வேகமான பேருந்து என்பது அதன் பொருளே அல்ல.

இங்கேதான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்கினார்கள். சறுக்கலுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வந்தது ‘பேருந்து விரைவுப் போக்குவரத்து’. ஆங்கிலச் சொல் மூன்றுக்கும் நேராகத் தமிழ்ச் சொல் மூன்றை அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கையில் பிறந்தது. பேருந்துக்கும் விரைவுக்கும் நடுவில் தொக்கி நிற்கும் உருபு என்ன? பேருந்தினது விரைவா, பேருந்தால் ஆகிய விரைவுப் போக்குவரத்தா? தொகையை விரிக்கத் தெரியாத இடத்தில் காது தானாகவே ஒரு முடிவெடுக்கும். ‘விரைவு’ என்ற அடைமொழி முன்னால் வருவதுதான் நமக்கு இயல்பு. ஆகவே அடுத்த சுற்றில் அது ‘விரைவுப் பேருந்துப் போக்குவரத்து’ ஆயிற்று. தலைப்பில் இடம் போதாதபோது வாலும் போய் ‘விரைவுப் பேருந்து’ மட்டும் மிஞ்சியது.

மிஞ்சியதற்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார். தமிழ்நாட்டில் விரைவுப் பேருந்து என்றால் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டி. சென்னையில் இரவில் ஏறி நாகர்கோவிலில் காலையில் இறங்குகிறோமே, அது. முன்பு திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் என்று ஓடியது. ‘அகமதாபாத் விரைவுப் பேருந்து’ என்று படிக்கும் வாசகர் அகமதாபாத்துக்குப் போகிற வண்டி என்று நினைத்தால் பிழை அவருடையதல்ல. ஊருக்குள் ஓடும் பேருந்தையும் ஊர்விட்டு ஊர் ஓடும் பேருந்தையும் ஒரே பெயரில் அழைக்கிற சொல்லாக்கம் எதை விளக்கும்?

‘அதி’ சேர்த்தவர்கள் பிழையைப் பெருக்கினார்கள். லாகூர் மெட்ரோபஸ் 2013 பிப்ரவரியில் தொடங்கியது. கஜ்ஜுமத்தாவிலிருந்து ஷாதரா வரை 27 கிலோமீட்டர், 27 நிறுத்தங்கள். முழுத் தூரத்தையும் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். மணிக்கு 27 கிலோமீட்டருக்கு அதிவிரைவு என்று பெயர் சூட்டினால், நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டிக்கு என்ன பெயர் மிச்சம் இருக்கிறது? இந்தப் பேருந்தின் சிறப்பு வேகம் கூடியதில் இல்லை, நெரிசலில் நிற்காததில் இருக்கிறது. ‘துரித’ என்று எழுதுகிறவர்களிடம் எனக்குத் தனிச் சண்டை இல்லை. வடசொல் என்பதற்காக ஒரு சொல்லைத் தள்ளுகிறவன் அல்ல நான். பொருள் தவறினால் செந்தமிழையும் தள்ளுவேன். துரிதம் என்றாலும் விரைவு என்றாலும் அதே தவறுதான்.

தவறான பெயர் செய்தியையே திரித்துவிடும். டெல்லியில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டரில் 2008இல் இப்படி ஒரு பாதை அமைத்தார்கள். கார்க்காரர்களின் கோபம் தொடக்கத்திலிருந்தே ஓயவில்லை. 2012இல் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது. கடைசியில் 2015இல் கைவிட முடிவெடுத்து 2016இல் பெயர்த்தெடுத்தார்கள். இதை ‘டெல்லியில் விரைவுப் பேருந்து நிறுத்தம்’ என்று எழுதினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? பேருந்துகள் நின்றுவிட்டன என்றுதானே? உண்மையில் அதே சாலையில் பேருந்துகள் தொடர்ந்து ஓடின. போனது அவற்றின் தனிப் பாதை. வழக்கும் கோபமும் சாலையில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதைப் பற்றியவை. அந்த இடத்தைச் சொல்லாத பெயர் சண்டையின் காரணத்தையே மறைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தந்த ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஜன்மார்க் என்றால் மக்கள் பாதை. பெயரிலேயே மார்க்கம் இருக்கிறது. லாகூரில் அரசியல் எதிரிகள் அதை ‘ஜங்லா பஸ்’ என்று கேலி செய்தார்கள். ஜங்லா என்றால் கம்பித் தடுப்பு, கிராதி. நகரை நீளவாக்கில் பிளக்கும் கம்பி வேலியைப் பார்த்துச் சொன்ன ஏளனம். ஆனாலும் பி.ஆர்.டி.க்கு உயிர் எங்கே இருக்கிறது என்று நம் மொழிபெயர்ப்பாளர்களைவிட அந்த ஏளனக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெயர் சூட்டியவர் பாதையைப் பார்த்தார், பழித்தவர் வேலியைப் பார்த்தார், நம்மவர் அகராதியைப் பார்த்தார்.

‘மெட்ரோ பஸ்’ என்றே எழுதிவிடலாமே என்பார்கள். லாகூருக்கு அது சிறப்புப் பெயர். அப்படியே எழுத வேண்டியதுதான். ஹூப்ளி–தார்வாட் பேருந்துகளுக்குச் சிகரி என்று பெயர், வட கர்நாடக வழக்கில் மான். பெஷாவரில் ‘ஜு’, பஷ்தோ மொழியில் ‘போகலாம்’. இவற்றை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆனால் வகைக்குப் பொதுப்பெயராக மெட்ரோ பஸ் உதவாது. மெட்ரோ ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிற சிற்றுந்து என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள்.

என் பரிந்துரை ‘தனித்தடப் பேருந்து’. ஏற்பாடு முழுவதையும் குறிக்க ‘தனித்தடப் பேருந்து அமைப்பு’. ‘தட’ என்ற உரிச்சொல்லுக்குப் பெருமை, அதாவது பெரிதாதல், என்று தொல்காப்பியம் பொருள் சொல்கிறது: தடவும் கயவும் நளியும் பெருமை. பெயர்ச்சொல்லாகத் தடம் என்றால் வழி. இரண்டுமே இங்கே பொருந்துவது தற்செயல்தான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு முக்கியம் அமைப்பு ஒப்புமை. ‘தாழ்தளப் பேருந்து’ என்ற சொல் எவ்வளவு எளிதாக ஊன்றிவிட்டது பாருங்கள். கண்ணில் படுகிற உறுப்பைச் சொல்கிறது, விளக்கம் கேட்பதில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து தூண்களின் மேல் ஓடும் ரயிலுக்கு அலுவலகப் பெயர் என்னவாக இருந்தாலும் மக்கள் ‘பறக்கும் ரயில்’ என்றார்கள். தமிழர் வண்டிக்குப் பெயர் வைக்கும் முறை இதுதான்.

மறுப்பு ஒன்று எதிர்பார்க்கிறேன். தடம் மட்டும் போதுமா, மேடை எங்கே, முன்கூட்டிய டிக்கெட் எங்கே? சாலையில் கோடு போட்டு ஒதுக்கினாலும் தனித்தடம்தானே? சரியான கேள்வி. ஆனால் ஒரு பெயர் பொருளின் எல்லா உறுப்பையும் சுமக்க வேண்டியதில்லை. ‘ரயில்’ என்ற சொல்லே தண்டவாளக் கம்பியின் பெயர். அது இன்ஜினையும் பெட்டியையும் நிலையத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறதல்லவா? கோடு மட்டும் போட்ட பாதைக்குப் ‘பேருந்துத் தடம்’ என்று எழுதுங்கள். வேறுபாடு தெரியும். ‘வழித்தடம்’ என்பதை மட்டும் இங்கே இழுக்க வேண்டாம். அது வண்டி எண்ணோடு சேர்ந்து வரும் சொல், ஊன்றிய பொருளில் இருக்கட்டும். தனிப் பாதைக்கான ‘காரிடார்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் ‘தாழ்வாரம்’ என்று பெயர்ப்பவர்களும் உண்டு. தாழ்வாரத்தில் பேருந்து ஓட்டச் சொல்கிறார்கள் போலும்.

இதே கையோடு இன்னொன்று. மேடை வைத்த நிறுத்தங்களை ஆங்கிலத்தில் ‘ஸ்டேஷன்’ என்பதால் தமிழிலும் ‘பேருந்து நிலையம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பேருந்து நிலையம் என்றால் நமக்குக் கோயம்பேடு, மாட்டுத்தாவணி. லாகூரில் ஒரே சாலையில் 27 மாட்டுத்தாவணிகள் இருப்பதாக யாராவது கற்பனை செய்தால் குற்றம் எழுதியவருடையது. ரயிலுக்கு நடைமேடை என்ற சொல் இருக்கிறது. அதை ஒட்டி ‘மேடை நிறுத்தம்’ என்றால் உயரமும் வந்துவிடும், நிற்பதும் வந்துவிடும். பேருந்து என்பது நீளமாகத் தோன்றும் தலைப்புகளில் ‘தனித்தட பஸ்’ என்று போடுவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.