தானம் கொடுத்த காரின் பல்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க வீட்டுக்காரர் ஓட்டிய பிரியஸ் கராஜில் சும்மா நிற்கிறது. பதினைந்து வருஷ வண்டி. முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பேட்டரி போயிருந்தால் அவர்களுக்குத்தானே தொல்லை?"

நியாயமான கவலை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவர் பார்க்க மாட்டார், கூச்சப்படுவார். அப்படியானால் கொடுக்கிறவர்தான் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பிரியஸ் மாதிரி ஹைப்ரிட் காரில் அந்தப் பல், அதாவது பெரிய பேட்டரி, பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது.

ஹைப்ரிட் என்றால் என்ன என்று இப்போது டர்பன்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 முதல் நம்ம புராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையிலேயே கொரோலா கிராஸ் ஹைப்ரிட் தயாராகிறது. பெட்ரோல் இன்ஜின் ஒன்று, மின்மோட்டார்கள் இரண்டு, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு பேட்டரி. இதில் பலர் கவனிக்காத விஷயம், பிரியஸில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது என்பது. பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த இரண்டு மோட்டார்களில் ஒன்றுதான் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புகிறது. ஆகவே பெரிய பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால், டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் வண்டி கிளம்பாது. பூட்டில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தால் விளக்குகள் எரியும், அவ்வளவுதான். அம்மா எழுதியதில் வண்டியின் வயதைவிட அது சும்மா நிற்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

சரி, அந்தப் பேட்டரிக்குள் போவோம். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் இருப்பது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. ஒவ்வொரு செல்லும் 1.2 வோல்ட். ஆறு செல் சேர்ந்து ஒரு மாட்யூல், அப்படி 28 மாட்யூல்கள். மொத்தம் 168 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் நின்று 201.6 வோல்ட் தருகின்றன.

ஒரு செல்லுக்குள் நடப்பது எனக்கு எப்போதும் அலுக்காத விஷயம். அதன் எதிர்முனை, ஹைட்ரஜனைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும் ஓர் உலோகக் கலவை. லாந்தனம் அணு ஒன்றுக்கு நிக்கல் அணு ஐந்து என்ற விகிதத்தில் அமைந்த படிகம்தான் இந்தக் குடும்பத்துக்கு மூலம். சார்ஜ் ஏறும்போது கரைசலில் உள்ள நீர் மூலக்கூறு எதிர்முனையில் உடைகிறது. வெளிவரும் ஹைட்ரஜன் அணு குமிழியாகப் போகாமல், உலோக அணுக்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. லாந்தனம் ஒன்று, நிக்கல் ஐந்து கொண்ட அந்தச் சின்னக் கூட்டில் ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் வரை இடம்பிடிக்கும். கணக்குப் பார்த்தால், ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட ஒரு லிட்டர் இந்த உலோகத்தில் அதிக ஹைட்ரஜன் இருக்கும்! அதுவும் சாதாரண அறை வெப்பத்தில், பிரம்மாண்டமான சிலிண்டர் எதுவும் இல்லாமல். நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அந்த அணுக்கள் வெளியே வந்து மறுபடி நீரில் சேர்கின்றன, எலக்ட்ரான்கள் மோட்டார் வழியாகச் சுற்றிப் போகின்றன.

விருந்தாளி வந்தால் வீடு விரிய வேண்டுமே. ஹைட்ரஜன் நிறையப் புகும்போது படிகம் கால்பங்கு அளவு உப்புகிறது, வெளியேறினால் சுருங்குகிறது. உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி உலோகம் விரிசல் விட்டுப் பொடியாகிறது. புதிதாகத் திறந்த பரப்பைக் காரக் கரைசல் அரிக்கிறது. பேட்டரி கிழடாவது இப்படித்தான். அதனால்தான் நிக்கலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கோபால்ட், மாங்கனீஸ், அலுமினியம் சேர்க்கிறார்கள், உப்பல் குறைகிறது. காரின் கணினியும் பேட்டரியை முழுக்க நிரப்பாது, முழுக்க வடிக்காது. ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. பதினைந்து வருஷம் ஓடியதன் ரகசியம் அதுதான்.

உலகின் மிகப் பெரிய மாங்கனீஸ் இருப்பு நம் தென்னாப்பிரிக்காவின் வடக்குக் கேப் மாகாணத்துக் கலஹாரியில் கிடக்கிறது. உலோகத்தில் ஹைட்ரஜனைத் தேக்கும் ஆராய்ச்சியை மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்காகச் செய்கிறார்கள். மண்ணைத் தோண்டிக் கப்பலில் ஏற்றுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை அரசு இந்த ஆய்வகங்களுக்குக் காட்டினால் தேவலை என்பது என் கட்சி.

அப்புறம் அந்த 168 செல்கள். கோயில் அன்னதானத்தில் வரிசையாக நின்று சாதப் பாத்திரத்தைக் கைமாற்றும்போது, ஒருவர் களைத்துவிட்டால் மொத்த வரிசையும் அவர் வேகத்துக்குத்தான் போகும். தொடரிணைப்பும் அப்படியே. ஆனால் இங்கே இரக்கம் கிடையாது. நலிந்த செல் முதலில் காலியாகிவிடும். மற்றவை விடாமல் மின்னோட்டத்தைத் தள்ள, காலியான செல்லின் துருவமே தலைகீழாகிவிடும். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும், வால்வு திறந்து ஈரம் போகும், செல் இன்னும் நலியும்.

சும்மா நிற்பது இதை விரைவுபடுத்துகிறது. எதிர்முனையிலிருந்து கசியும் ஹைட்ரஜன் மெல்ல நேர்முனையில் போய் வினைபுரிவதால், சாவியைத் தொடாமலே சார்ஜ் இறங்கும். டர்பன் பிப்ரவரி வெயிலில் தகரக் கூரைக் கராஜ் என்றால் இன்னும் வேகமாக. எல்லாச் செல்லும் ஒரே அளவில் இறங்காது என்பதுதான் சிக்கல்.

ஆகவே அம்மா, முதலில் ஹைப்ரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கார் தன் மாட்யூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 கட்டங்களாக அளக்கிறது. ஸ்கேனரைச் செருகி, ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் வண்டியை அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள். பதின்மூன்று எண்கள் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 12-க்கு விழுந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு மாட்யூலை மாற்றித் தருகிறேன் என்பவரை நம்பி இல்லத்துக்கு அனுப்பாதீர்கள். புதிதும் பழசும் ஒத்துப்போகாமல் சில மாதத்தில் அடுத்தது படுக்கும். பின் இருக்கையின் பக்கவாட்டில் உள்ள காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. தூசியும் நாய் முடியும் அடைத்திருப்பது சகஜம். ராகுகாலம் தவிர்த்துச் சாவி கொடுக்கிற நம்மவர்கள் இந்த ஒரு துவாரத்தைத் துடைத்துவிட்டுக் கொடுத்தால் அதைவிடப் பலன் உண்டு.

எண்கள் ஒத்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பெயர் மாற்ற, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும். அந்தச் செலவை நீங்களே ஏற்பது நல்லது. இல்லத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அங்கீகாரம் இருந்தால் பொருளாகக் கொடுத்ததற்கும் ரசீது தரலாம். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிவு உண்டு. எண்கள் ஒத்துவராவிட்டால் குறையைச் சொல்லியே வண்டியை விற்று, பணத்தை இல்லத்துக்குக் கொடுங்கள். செத்த பேட்டரியில்கூட நிக்கல் இருப்பதால் அதை வாங்க ஆள் உண்டு, குப்பையில் போட வேண்டாம்.

வண்டி அங்கே போன பிறகு ஓட்டப்போகும் டிரைவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும். நிறுத்தியே வைப்பதானால் 'ரெடி' விளக்கு எரியும்வரை ஸ்டார்ட் செய்து, கியரை பார்க்கில் வைத்து விட வேண்டும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகாது.