பகல் பட்டினியின் இரவுக் கணக்கு

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, குசினி லைட்டைப் போடாமல், போன் வெளிச்சத்தில் நின்றபடியே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலைக்கென்று எடுத்து வைத்த ரொட்டி, அடிச்சட்டியில் ஒட்டியிருக்கும் சம்பல், பிள்ளைகளுக்கு வாங்கிய கிரீம் பிஸ்கட், அதுவும் முடிந்தால் சீனி போட்ட பால்மா கரண்டி கரண்டியாக. ருசி பார்க்க அங்கே நேரமில்லை. பாதி மென்றும் மெல்லாமலும் விழுங்கி, வயிறு ஊதி மூச்சு முட்டுகிறபோதுதான் கை நிற்கும். வெறும் பாக்கெட்டைக் குப்பைக்கு அடியில் செருகிவிட்டுப் படுத்தால், மறுநாள் காலையில் எடுக்கிற முடிவு அநேகமாக ஒன்றுதான்: இன்றைக்குப் பட்டினி கிடந்து சரிக்கட்டிவிட வேண்டும்.

அடுத்த இரவு அந்த முடிவிலேயே தொடங்கிவிடுகிறது.

தீபாவளிக்கு வயிறு முட்டச் சாப்பிடுவதும் கலியாண வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்பதும் கட்டுமீறி உண்ணுதல் என்கிற இந்தப் பழக்கத்தில் சேராது. அமெரிக்க மருத்துவர் அல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இல் உடல் பருத்த சிலரிடம் இந்தப் பழக்கத்தைக் கவனித்து எழுதினார். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனிக் கோளாறாக வகைப்படுத்தியது 2013இல்தான். சாப்பிட்ட அளவு மட்டும் அங்கே கணக்கில்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவதுதான் அடையாளம். வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக இப்படி நடந்தால், பசியில்லாமலே சாப்பிடுவது, வெட்கப்பட்டு ஒளிந்து சாப்பிடுவது, பிறகு தன்மேலேயே அருவருப்புப் படுவது போன்றவையும் கூட இருந்தால், அதைக் கட்டுமீறி உண்ணும் கோளாறு என்கிறார்கள். ஆள் குண்டாக இருக்க வேண்டுமென்றில்லை. ஒல்லியானவர்களுக்கும் வரும், ஆண்களுக்கும் வரும். சாப்பிட்டதை வாந்தியெடுத்தோ பேதி மருந்து குடித்தோ வெளியேற்றுவது வேறொரு கோளாறு. அது இதைவிட உடனடி ஆபத்து.

வாயைக் கட்டத் தெரியவில்லை என்று ஊர் சொல்லும். உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் அந்தப் பேச்சு நியாயமில்லை.

வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் ஏறி மூளைக்குப் பசியைச் சொல்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் அதைக் கண்டுபிடித்தார்கள். 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் கொழுப்புத் திசுக்களிலிருந்து வருவது. இருப்பு போதும் என்று சொல்வது அதன் வேலை. சாப்பாட்டைக் குறைத்து உடம்பை வருத்தும்போது லெப்டின் விழுகிறது, கிரெலின் ஏறுகிறது. போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். நின்றுகொண்டே விழுங்குகிறவர் அதற்குள் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முடித்துவிடுவார்.

பட்டினி ஆளை என்ன செய்யும் என்பதற்கு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944, 1945இல் நடந்த பரிசோதனையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. போருக்குப் போக மறுத்த, உடலும் மனமும் திடமான 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1570 கலோரி மட்டும், இரண்டு வேளையாகக் கொடுத்தார். உடல் எடையில் கால்வாசி போயிற்று. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சாப்பாடுதான். தடை நீங்கிய பிறகு சிலர் வயிறு கொள்ளாமல் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள்; மாதக்கணக்கில் அது தொடர்ந்தது. சாப்பாட்டோடு எந்தத் தகராறும் இல்லாத ஆட்கள் அவர்கள். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். விடியுமுன் எழும்பி எல்லோருக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, தான் ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணியோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓடும் அம்மாவைத் தெரியாதவர் மலையகத்தில் யார்? பத்து மணிக்கு இன்னொரு தேத்தண்ணி. பகல் கொழுந்து நிறுத்து முடிந்து லயத்துக்கு வந்தால் பாதி நேரம் வீட்டு வேலைக்கே சரி. ஹட்டனிலோ பதுளையிலோ கடைவேலைக்குப் போகும் மகளுக்கும் இதே கதை வேறு மாதிரி; அவள் பகல் சாப்பாட்டை விடுவது உடம்பு குறைக்க. தேத்தண்ணி பசியை அமுக்கும், ஆற்றாது. இரவு எட்டு மணிக்குச் சோற்றுப் பானைக்கு முன்னால் உட்காரும் உடம்பு முழு நாளின் கடனையும் சேர்த்துக் கேட்கிறது.

சம்பளம் வந்த கிழமை நிறைய, மாதக் கடைசியில் இல்லை என்கிற ஏற்ற இறக்கமும் அதே வேலையைத்தான் செய்கிறது. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடுள்ள வீடுகளில் இந்தக் கோளாறு கூடுதலாகக் காணப்படுவதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். இதைப் பணக்கார வீட்டு நோய் என்று தள்ளிவிட முடியாது.

பசி பாதிக் காரணம். மீதி, நாமே போட்டுக்கொள்ளும் சட்டங்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவிகளுக்கு மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எந்நேரமும் அளவு பார்த்துச் சாப்பிடுகிறவர்களோ கூட்டினார்கள். சட்டம் உடைந்துவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்கிற மனநிலை அது. ‘இனிமேல் பிஸ்கட்டே தொட மாட்டேன்’ என்பவருக்கு ஒரு பிஸ்கட்டுக்கும் ஒரு பாக்கெட்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது.

மனக்கஷ்டமும் உண்டு. கங்காணியின் ஏச்சு, வீட்டுச் சண்டை, தனிமை. இனிப்பும் எண்ணெயும் சேர்ந்த உணவு மூளையில் இன்ப உணர்வோடு சேர்ந்த டோபமின் என்ற இரசாயனத்தின் பாதையைத் தூண்டிக் கொஞ்ச நேரம் அதை மறக்கடிக்கிறது. அந்தக் கொஞ்ச நேர ஆறுதலை மூளை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த கஷ்டத்தில் கையைத் தானாக டின்னுக்குக் கொண்டு போகிறது. தூக்கக் குறைவு இதற்கு எண்ணெய் வார்க்கும்: 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது கிரெலின் 28 வீதம் ஏறி, லெப்டின் 18 வீதம் இறங்கியது.

ஆகவே சிகிச்சை தொடங்குமிடம் பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும்: வேளைக்குச் சாப்பிடுவது. ஒக்ஸ்போர்ட்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பேர்ன் உருவாக்கிய சிந்தனை, நடத்தைச் சிகிச்சையின் முதற்கட்டத்தில் முக்கியமானது, மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு மூன்று சிறு தீனியும், நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். நேற்றிரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் இன்று காலை ரொட்டியும் பருப்பும் உண்டு. பத்து மணித் தேத்தண்ணியோடு அவித்த கடலையோ மரவள்ளித் துண்டோ, பகலுக்குச் சோறு, கூட ஒரு முட்டையோ நெத்தலியோ, நாலு மணிக்கு ஒரு பணிஸ். மலைக்குக் கொண்டுபோகக்கூடியதாக இருந்தால் நல்லது. கடைசி பஸ் என்றால் அடித்துப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறுகிறோம். அரை மணிக்கொரு பஸ் என்றால் அடுத்ததில் போகலாமென்று நிற்கிறோம். அடுத்த சாப்பாடு நிச்சயம் என்று தெரிந்த உடம்பும் அப்படித்தான் மெதுவாக அவசரத்தை விடும். எடை ஏறிவிடுமோ என்ற பயம் வரும். பெரும்பாலும் ஏறுவதில்லை, அதிகமாகக் குறைவதும் இல்லை. எடையை இப்போதைக்கு ஓரமாக வைக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, ஒரு கொப்பி. என்ன சாப்பிட்டேன், எங்கே, எத்தனை மணிக்கு, அப்போது மனதில் என்ன என்று உடனுக்குடன் எழுதுவது. கலோரிக் கணக்கு வேண்டாம், அது பழைய சட்டத்தையே திரும்பக் கொண்டுவரும். இரண்டு கிழமையில் ஒரு ஒழுங்கு கண்ணில் படும்: பகல் சாப்பாட்டை விட்ட நாளெல்லாம் இரவு கை நிற்பதில்லை, அல்லது அண்ணனோடு போனில் பேசிய நாளெல்லாம். உந்துதல் ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கும்; பலருக்கு 20, 30 நிமிடத்தில். அந்த நேரத்தில் குசினியை விட்டு இஸ்தோப்புக்கு வந்து உட்காருவது, அக்காவோடு பேசுவது, உடுப்பு மடிப்பது. எதுவாக இருந்தாலும் சரி, கை வேலையாக இருக்க வேண்டும். முடியாமல் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளைச் சாப்பாட்டை விடக் கூடாது என்பது ஒன்றுதான் பிடிவாதமாகக் காக்க வேண்டியது.

பிரித்தானியாவின் 2017 சிகிச்சை வழிகாட்டி, வழிகாட்டலோடு கூடிய இத்தகைய சுய உதவியையே முதலில் பரிந்துரைக்கிறது. மனநல நிபுணர் பக்கத்தில் இல்லாத நமக்கு அது பெரிய விஷயம். இருந்தாலும் வாந்தியெடுப்பவர்கள், நீரிழிவு மருந்து எடுப்பவர்கள், உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிறவர்கள் காத்திருக்கக் கூடாது. அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் தமிழிலும் பேசும். டொக்டரிடம் ‘எடை கூடிவிட்டது’ என்று மட்டும் சொன்னால் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். ‘சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை, ஒளிந்து சாப்பிடுகிறேன்’ என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.