உறைதல் அன்று, ஒட்டுத்திரட்சி

கன்று வீச்சு நோய்க்கான (புருசெல்லோசிஸ்) பரிசோதனை அறிக்கையின் தமிழாக்கம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மாடு வளர்க்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மாட்டுக்கு ரத்தம் உறைஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கே சார், இனிப் பொழைக்குமா?" அறிக்கையில் 'இரத்த உறைதல் சோதனை: நேர்மறை' என்று இருந்தது. அந்த மாட்டின் உடலில் எங்கும் இரத்தம் உறையவில்லை. மூலத்தில் 'அக்ளூட்டினேஷன்' என்று இருந்ததை மொழிபெயர்த்தவர் 'உறைதல்' என்று ஆக்கியிருந்தார். இதே பிழையைக் கையேடுகளிலும் துண்டறிக்கைகளிலும் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் அது ஒருவரை இப்படிக் கலங்க வைத்ததை நேரில் பார்த்த பிறகு, இதைப் பற்றி எழுதாமல் இருப்பது சரியாகப் படவில்லை.

'அக்ளூட்டினேஷன்' என்ற சொல்லின் பிறப்பு எளியது. லத்தீனில் 'குளூட்டென்' என்றால் பசை. அதிலிருந்து வந்த வினைக்குப் பசையிட்டு ஒட்டுதல் என்று பொருள். கோதுமை மாவுக்குப் பிசுபிசுப்பைத் தரும் புரதத்தின் பெயரும் அதுவே. நோயுற்றவரின் குருதிநீர் (சீரம்) பட்டதும் நுண்ணுயிரிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதை மாக்ஸ் வான் குரூபரும் ஹெர்பர்ட் டர்ஹாமும் 1896இல் விளக்கினர். 1905இல் மால்டா தீவில் தெமிஸ்டொக்கிளிஸ் சம்மிட், பார்வைக்கு நலமாகத் தெரிந்த ஆடுகளின் இரத்தத்திலும் இந்தத் திரட்சியைக் கண்டார். கன்று வீச்சு நோயின் மனித வடிவமான மால்டா காய்ச்சல் ஆட்டுப்பால் வழியே மனிதருக்குப் பரவுகிறது என்ற உண்மை அங்கிருந்துதான் வெளிப்பட்டது.

'உறைதல்' ஏன் தவறு என்பதற்குச் சோதனை மேசையே போதிய சான்று. ரோஸ் பெங்கால் தட்டுச் சோதனையில், கொல்லப்பட்டுச் சாயமேற்றப்பட்ட, இந்நோயை உண்டாக்கும் புருசெல்லா நுண்ணுயிரிகள் மிதக்கும் இளஞ்சிவப்பு நீர்மத்தில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டு, அதே அளவு மாட்டின் சீரத்தை அதனுடன் கலந்து, சுமார் நான்கு நிமிடங்கள் தட்டை மெல்ல ஆட்டுவார்கள். மாட்டின் சீரத்தில் அந்த நுண்ணுயிரிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதமான எதிர்ப்பொருள் இருந்தால், சீரான இளஞ்சிவப்பு நீர்மம் மணல் மணலாகத் திரிந்து, துளியின் விளிம்பில் சிவந்த குருணைகள் ஒதுங்கும். குருணைகளுக்கு இடையில் நீர் தெளிந்துவிடும். நீர்மம் கடைசிவரை நீர்மமாகவே இருக்கிறது. திரண்டவை மாட்டின் இரத்தத்திலிருந்து வந்தவையும் அல்ல, புட்டியிலிருந்து வந்த இறந்த நுண்ணுயிரிகள். மாடு தந்தது எதிர்ப்பொருளை மட்டுமே. எதிர்ப்பொருளின் ஒரு கை ஒரு நுண்ணுயிரியையும் மறு கை இன்னொன்றையும் பற்றிக்கொள்வதால், அவை கண்ணிகளாகக் கோத்துத் திரள்கின்றன.

உறைதல் என்பது முற்றிலும் வேறு. பால் உறைகிறது, நெய் உறைகிறது, இரத்தம் உறைகிறது என்று சொல்லும்போது அந்த நீர்மமே தன் நிலை மாறிக் கெட்டிப்படுவதைத்தான் தமிழர் எவரும் நினைப்பார்கள். இன்னொன்றையும் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதில்லை. சீரம் என்பதே இரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிநீர்; உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜென் கட்டியோடு போய்விட்டதால், மீண்டும் உறைய அதில் ஏதுமில்லை. 'சீரம் உறைந்தால் நோய் உண்டு' என்று எழுதும்போது, உறைய முடியாத ஒன்றை உறையச் சொல்கிறோம்.

பாலில் செய்யும் வளையச் சோதனையை 'பால் உறைதல் சோதனை' என்று எழுதுவது இதைவிடக் கேடு. அங்கே சாயமேற்றிய நுண்ணுயிரிகள் எதிர்ப்பொருளால் திரண்டு, கொழுப்புத் துளிகளோடு மேலெழுந்து, ஏட்டில் நீல வளையமாக நிற்கின்றன. பால் தயிராவதில்லை. ஆனால் அந்தப் பெயரைப் படிக்கும் மாட்டுக்காரர், பால் திரிந்துபோனால் நோய் என்றல்லவா புரிந்துகொள்வார்?

'உறைதல்' எல்லோருக்கும் தெரிந்த சொல், புதுச்சொல் எதற்கு என்று சிலர் வாதிடுகிறார்கள். தெரியாத சொல்லைக் கண்டால் படிப்பவர் பொருள் கேட்பார். தெரிந்த சொல்லை வேறு பொருளில் கண்டால் கேட்காமலே தவறாகப் புரிந்துகொள்வார். என்னிடம் வந்தவர் கேட்டதும் சொல்லின் பொருளையன்று, மாட்டின் உயிரையே. 'ஒட்டுதல்' என்று மட்டும் சொன்னால், நுண்ணுயிரி திசுவில் ஒட்டிக்கொள்வதற்கும் அதுவே பெயராகிக் குழப்பும். 'திரளல்' என்று மட்டும் சொன்னால் பசை போய்விடுகிறது. 'ஒருங்கொட்டல்' பொருளில் பழுதற்றது. ஆனால் தட்டில் கண்ணுக்குத் தெரியும் குருணை அதில் இல்லை. ஒட்டுவதால் திரள்வது என்று இரண்டையும் சொல்வதால் 'ஒட்டுத்திரட்சி' என்பதையே நான் ஏற்கிறேன்.

இதற்குத் துணையாக நம் மொழியியலே நிற்கிறது. 'வீடுகளிலிருந்து' என்பதில் கள், இல், இருந்து ஆகியவை தத்தம் வடிவம் கெடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. இப்படிப்பட்ட மொழிகளைக் குறிக்க மேலை மொழியியலாளர் கையாண்டதும் இதே லத்தீன் வேர்ச்சொல்தான். தமிழ் மொழியியலார் அதை 'ஒட்டுநிலை' என்றார்கள்; 'உறைநிலை மொழி' என்று ஒருவரும் எழுதவில்லை. ஒரு துறையில் சரியாகச் செய்ததை இன்னொரு துறை எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் நம் கலைச்சொல்லாக்கத்தின் நெடுநாள் குறை.

கன்று வீச்சு நோய்த் தடுப்பூசிகளைப் பற்றிய மொழிபெயர்ப்புகளிலும் இதே அக்கறையின்மை உண்டு. எஸ்19 தடுப்பூசியில் உள்ள நுண்ணுயிரியின் வகை வழவழப்பானது, ஆர்பி51 சொரசொரப்பானது. இது ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் வளரும்போது தோன்றும் புறத்தோற்றத்தையும், நுண்ணுயிரியின் வெளியுறையில் 'ஓ' சங்கிலி என்னும் சர்க்கரைத் தொடர் இருப்பதையும் இல்லாததையும் குறிப்பது. 'சொரசொரப்பு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கடுமையான வகை' என்று எழுதப்பட்டதைப் படித்திருக்கிறேன். வீரியம் குறைந்த தடுப்பூசி வகையைக் கடுமையானது என்று எழுதினால் யார் தன் கன்றுக்குப் போட்டுக்கொள்ள முன்வருவார்?

இந்தச் சொற்கள் சரியாக இருந்தால்தான் அறிக்கையும் பொருள்படும். தட்டுச் சோதனையில் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்வது பெரும்பாலும் அந்த 'ஓ' சங்கிலியைத்தான். எஸ்19 அதைக் கொண்டிருப்பதால், ஊசி போட்ட மாட்டின் சீரமும் ஒட்டுத்திரட்சி காட்டக்கூடும்; ஆர்பி51 போட்ட மாட்டில் அந்த ஊசியால் திரட்சி வராது. ஆகவே திரட்சி கண்டதும் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஊசி எப்போது போடப்பட்டது என்பதையே. 'உறைதல்' என்று எழுதிய அறிக்கையில் இந்தக் கேள்விக்கே வழியில்லை.

இதையெல்லாம் அந்த மாட்டுக்காரரிடம் விளக்கியபோது, கன்றாக இருக்கும்போது போட்ட ஊசியாலும் இப்படி வந்திருக்குமோ என்று அவரே கேட்டார். மறுநாள் எடுத்து வந்த அட்டையில் எஸ்19 என்று குறித்திருந்தது. உறுதிப்படுத்தும் சோதனைக்கு மீண்டும் சீரம் அனுப்பினோம். படிவத்தில் நானே 'ஒட்டுத்திரட்சி' என்று எழுதிக் கொடுத்தேன்.